ஐநூறுக்கு ஒரு ஆள் குறைவு

எங்கள் ஊரில் பஸ் நிழற்குடை உண்டு, பஸ் கிடையாது. நிழற்குடை என்றால் தகரக் கொட்டகை இல்லை. காங்கிரீட் கூரை, மூன்று படி, சிமெண்ட் பெஞ்சு இரண்டு, திறந்து வைத்தவர் பெயர் வெட்டிய பளிங்குக் கல் ஒன்று. மழை நாளில் கோழிகள் அதில் ஒதுங்கும். வெயில் நாளில் சீட்டாடுகிறவர்கள் ஒதுங்குவார்கள். தார் ரோடும் இருந்தது. இரண்டு தடவை போட்டார்கள். முதல் தடவை போட்டதில் ஒரு பஸ்கூட ஓடாததால் அது தேயவே இல்லை. இருந்தும் காலக்கெடு வந்துவிட்டது என்று அதன் மேலேயே இன்னொரு தடவை போட்டார்கள்.

வழி தெரியாமல் வந்த வெளியூர்க்காரர் யாராவது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால், சீட்டைக் கலைத்தபடியே கேட்பார்கள்.

“எதுக்கு உக்காந்திருக்கீங்க?”

“பஸ்ஸுக்குங்க.”

“அப்படியா? துணிமணி எல்லாம் கொண்டு வந்திருக்கீங்கள்ல?”

இந்த ஊரிலிருந்துதான் எங்கள் அக்கா வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷமாகப் பஸ்களுக்கு நேரம் எழுதப் போய் வந்தார். டவுன் பஸ் ஸ்டாண்டில் அவருக்கு டைம்கீப்பர் வேலை. எனக்கு அத்தான். ஊருக்கு டைம்கீப்பர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று அவரே பேசாமல் போய்விடுவார்.

விடிகாலை சைக்கிளை எடுப்பார். மெயின்ரோடு முக்கு நான்கு கிலோமீட்டர். அங்கே டீக்கடைச் சுவரில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஐந்து ஐம்பது வண்டியைப் பிடித்தால் ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டு. அவர் உட்காரும் இடத்தை அறை என்று சொன்னால் அறைக்கே சிரிப்பு வரும். கம்பி போட்ட ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், சுவரில் ஒரு கடிகாரம். ஸ்டூலை நகர்த்தாமல் கதவைத் திறக்க முடியாது. கதவைச் சாத்தாமல் ஸ்டூலில் உட்கார முடியாது. மேஜைமேல் நீளப் பதிவேடு இருக்கும். வண்டி நம்பர், வர வேண்டிய நேரம், வந்த நேரம், தாமதத்துக்குக் காரணம் என்று அதில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். அந்தக் கட்டங்களில் அத்தான் ஒரு நிமிஷத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. கடவுளுக்குப் பயந்த மனுஷன். அவர் கணக்கில் கடவுளுக்கு அடுத்தபடி அந்தக் கடிகாரம்.

கண்டக்டர்கள் ஜன்னலில் வந்து நெளிவார்கள்.

“அண்ணே, ரெண்டே ரெண்டு நிமிஷம்ணே. பத்து அஞ்சுன்னு போட்டுடுங்க.”

“எங்கிட்ட கேட்டா எப்படி? அதோ மாட்டியிருக்குல்ல, அதுகிட்ட கேளு. அது சரின்னா நானும் சரி.”

வீட்டிலும் இதே கதைதான். “எட்டு பத்து சாப்பாடு எட்டு பதினாலுக்கு வருது” என்பார். “தாமதத்துக்குக் காரணம் ஈர விறகுன்னு எழுதிக்குங்க” என்பாள் அக்கா. வெளியிலிருந்து கேட்பவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும். அவர்கள் பேசிக்கொள்வதே அப்படித்தான்.

போன வருஷம் தண்ணீர்க் குழாயடியில் அக்கா வழுக்கி விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. மாவுக்கட்டு பிரித்தபோது கால் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. மடங்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்: “வாரத்துக்கு ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், இங்க வந்து பயிற்சி எடுக்கணும். அஞ்சு மாசம் விடாம வந்தா கால் மடங்கும். வரலேன்னா, ஆயுசு முழுக்க இப்படியேதான். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது.”

நீட்டிய காலோடு ஆட்டோவில் ஏற முடியவில்லை. கால் ஒரு பக்கமும் ஆட்டோ ஒரு பக்கமும் போகப் பார்த்தது. அத்தான் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து மெயின்ரோட்டுக்கு அழைத்துப் போனார். ரயில்வே கேட் கட்டை மாதிரி கால் ரோட்டுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு போக, எதிரே வந்த ஆடுகள் நின்று வழிவிட்டன. மூன்றாவது தடவை சின்னப் பாலத்துக்கிட்டே இருவரும் விழுந்தார்கள். அடி பெரிதாக இல்லை. ஆனால் அக்கா அதோடு உட்கார்ந்துவிட்டாள்.

“போதும். ஒரு காலோட போயிடட்டும். இன்னொண்ணையும் உங்க சைக்கிளுக்குக் குடுக்க முடியாது.”

அவளுக்கு ஒரு பஸ் வேண்டும். முன்பக்கத்து நீள சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து போக ஒரே ஒரு பஸ். பஸ் ஆபீஸில் ஊர்க்காரர்கள் போய்க் கேட்டதற்கு ஒரு விதி சொன்னார்கள். ஐநூறு பேர் இருக்கிற ஊருக்குத்தான் பஸ். எங்கள் ஊரில் பழைய கணக்குப்படி இருநூற்று நாற்பது பேர்.

அந்த இருநூற்று நாற்பதின் கதையும் எங்கள் ஊரின் பெருமைதான். பத்து வருஷத்துக்கு முன் ஆள் கணக்கு எடுக்க வந்தபோது, தலைக்கு இவ்வளவு என்று தண்ணீர் வரி போடப்போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். உடனே கிழவர்களை வைக்கோல் போருக்குப் பின்னாலும் பிள்ளைகளைத் தோட்டத்திலும் ஒளித்துவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் நடுத்தர வயதுக்காரர்கள் மட்டுமே வசித்தார்கள்.

இந்த வருஷம் மறுபடி கணக்கெடுப்பு வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் எல்லோரையும் நிழற்குடையில் கூட்டினார். எங்கள் தலைவர் நல்லவர்தான். ஊருக்கு எதையாவது செய்ய வேண்டும் என்று துடிப்பார், அது என்ன என்பதுதான் அவருக்குப் பிடிபடாது.

“உண்மையில நாம முன்னூத்தி எண்பத்தெட்டு பேரு. நூத்திப் பன்னெண்டு பேரு குறையுது. ஆளாளுக்குக் கொஞ்சம் பெருந்தன்மையா நடந்துக்கிட்டா பஸ் வந்துடும்” என்றார்.

“எங்க வீட்டுக்கு எத்தனை தலைவரே?”

“உனக்கு ரெண்டு. உன் தம்பி வீட்டுக்கு மூணு. எல்லாருக்கும் நான் பிரிச்சு எழுதி வெச்சிருக்கேன். சரியா ஐநூறு. ஒண்ணு கூடக் கூடாது. கூடினா சந்தேகம் வரும்.”

பொய்யிலும் அப்படி ஒரு சிக்கனம்.

கல்யாணமே ஆகாத தையல்காரருக்கு ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஒதுக்கியிருந்தார். தையல்காரர் எழுந்து நின்று, “பொண்டாட்டி மட்டும் போதும் தலைவரே, பிள்ளைங்களை வளர்க்க எனக்கு வசதியில்ல” என்றார். “எழுதறதுக்கு என்ன செலவு?” என்று தலைவர் அவரை உட்கார வைத்தார். பால்காரம்மா செத்துப்போன புருஷனைத் திரும்ப எழுதச் சம்மதித்தாள். “இருந்த வரைக்கும் ஒண்ணுத்துக்கும் உதவல. இப்பவாவது உதவட்டும்” என்றாள். அவள் வீட்டுக் கன்றுக்குட்டி இரண்டாவது மகளானது.

“டைம்கீப்பர் வீட்டுக்கு ஒண்ணே ஒண்ணு” என்று தலைவர் கடைசியாகச் சொன்னார். “கட்டிக்குடுத்த உங்க மகளையே சேர்த்துச் சொல்லிடுங்க. பொய்யின்னுகூடச் சொல்ல முடியாது.”

“என் வீட்டுக் கணக்கை நான் பாத்துக்கறேன் தலைவரே” என்றார் அத்தான். அதைச் சம்மதம் என்று தலைவர் எடுத்துக்கொண்டார்.

கணக்கெடுக்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நான்கு கிலோமீட்டர் நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வீடு சொன்னதை எழுதினார். தலைவர் நிழல் மாதிரி பின்னாலேயே போனார். தையல்காரர் வீட்டில் வாத்தியார் மனைவி பெயரைக் கேட்டதும் தையல்காரர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பிள்ளைக்கு அப்புறமும் இவ்வளவு வெட்கமா என்று வாத்தியார் அதற்குமேல் துருவவில்லை.

கடைசி வீடு அக்கா வீடு. அதுவரைக்கும் நானூற்றுத் தொண்ணூற்றேழு. அத்தானுக்கு அன்றைக்கு வார விடுமுறை. அக்கா பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டார்.

“வீட்டுல மொத்தம் எத்தனை பேரு?”

அவர் முதுகுக்குப் பின்னால் தலைவர் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். அத்தான் அக்காவின் காலைப் பார்த்தார். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

“ரெண்டு.”

தலைவர் விரல்களை இன்னும் உயரத் தூக்கினார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க டைம்கீப்பர். வெயில்ல ஒண்ணும் ஞாபகம் இருக்காது.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? நான், இவ.”

“உங்க மக?”

“அவளை அவ வீட்டுல எண்ணியிருப்பாங்க.”

வாத்தியார் கூட்டிப் பார்த்தார். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதிக் கோடு போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

அன்றைக்கு ஊர் அத்தானைப் பேசிய பேச்சை நான் எழுத மாட்டேன். நூற்றுப் பதினோரு பொய்யைச் சிரமப்பட்டுச் சொன்னவர்களுக்கு, ஒரே ஒரு பொய்யைச் சொல்லாதவர் மேல் வரும் கோபம் சாதாரணமாக இருக்குமா? ‘உண்மை விளம்பி’ என்று அதைத் திட்டாகவே சொன்னார்கள். “டவுன்லயே ஒரு வீடு பாத்துப் போயிடுங்களேன்” என்றார் சீட்டாடுகிறவர் ஒருவர். “போயிடலாம். அப்புறம் உங்க கணக்குல இன்னும் ரெண்டு குறையும்” என்றார் அத்தான்.

அக்கா சாப்பாடு போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

“கன்னுக்குட்டியெல்லாம் பள்ளிக்கூடம் போகுதுன்னு எழுதியிருக்காங்க. உங்களுக்கு ஒரு ஆளைச் சொல்ல வாய் வரல.”

“வரல.”

“என் கால் எனக்கு முக்கியமா, இல்ல உங்க வாய் உங்களுக்கு முக்கியமா?”

“பொய் சொல்லி வாங்குன வண்டி எங்க வரும்? என் ஜன்னலுக்குத்தான் வரும். அதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

“பேனாவால” என்றாள் அக்கா.

அத்தான் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க எழுந்து போனார். சாவி கொடுக்கும் நாள் அதுவல்ல.

பஸ் வராது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு, நிழற்குடை முன்னால் ஒரு வண்டி வந்து நின்றது. கட்டிய நாளிலிருந்து அங்கே நின்ற முதல் வண்டி. வெள்ளை வேன். பக்கவாட்டில் ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரே ஒரு பிள்ளை, மூன்று பேரும் சிரிக்கிற படம். மேலே ஒலிபெருக்கி.

மேலிடத்தில் யாரோ எங்கள் ஊர்க் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். பத்தே வருஷத்தில் இருநூற்று நாற்பது நானூற்றுத் தொண்ணூற்றொன்பதாகிவிட்டது. இந்த ஊர்க்காரர்களுக்கு வேறு வேலையே கிடையாதா என்று திகைத்துப்போய், உடனே குடும்பக்கட்டுப்பாட்டு வேனை அனுப்பிவிட்டார்கள். வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும்.

நாங்கள் கேட்டது பஸ். தலைவர் பஸ்ஸை வரவேற்கத் தயார் செய்து வைத்திருந்த பேச்சை வீணாக்க மனமில்லாமல் வேன் முன்னால் நின்று பேசி முடித்தார்.

வேனில் வந்த நர்ஸம்மா படம் வரைந்த அட்டைகளை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். எதிரே கூடியிருந்தவர்களில் இளையவருக்கு நாற்பத்தேழு வயது.

“இளம் தம்பதிகள் எல்லாம் எங்க?”

“வேலைக்கு வெளியூர் போயிட்டாங்கம்மா.”

“சரி, குழந்தைங்க? இருநூறு குழந்தைக்கு மேல இருக்கணுமே?”

“விளையாடுதுங்க” என்றார் தலைவர்.

“இருநூறுமா?”

“மைதானம் பெருசும்மா.”

நர்ஸம்மா அட்டைகளை மடித்துக்கொண்டார். பாவம், நல்ல பெண். சொல்ல வந்த பாடத்தைப் பால்காரம்மாவிடம் சொன்னார். பால்காரம்மாவும் ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டி, “இதையெல்லாம் நாப்பது வருஷத்துக்கு முன்னாடி வந்து சொல்லக்கூடாதா?” என்று வருத்தப்பட்டாள்.

வேன் டிரைவருக்கு அத்தானைத் தெரிந்திருந்தது. முன்பு பஸ் ஓட்டியவர், அத்தானிடம் பல நிமிஷம் மாட்டியவர். டைம்கீப்பர் ஊரா இது என்று கேட்டு அக்கா வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அவர்தான் வழி சொன்னார். வேன் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் திரும்பும். மேற்கொண்டு ஆலோசனை வேண்டுகிறவர்கள் அதிலேயே போகலாம், நாலு மணிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

நல்ல காரியத்தில் எங்கள் ஊரைப் போல ஒத்துழைக்கிற ஊர் இருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை முப்பத்தாறு பேர் ஆலோசனைக்கு வந்து நின்றார்கள். எழுபத்திரண்டு வயதுக்காரர் கண்ணுக்கு மருந்து போடப் போனார். தலைவர் பல் பிடுங்கப் போனார். தையல்காரர் நூல் வாங்கப் போனார். தனக்கு ஏற்கெனவே கணக்கில் இரண்டு பிள்ளைகள் இருப்பதால் தகுதி உண்டு என்றார். பெரிய வேன்தான், ஆனாலும் மூச்சு முட்டியது.

அக்காவுக்கு டிரைவர் பக்கத்து நீள சீட்டு. ஆனால் முந்தின நாளே அத்தான் சொல்லிவிட்டிருந்தார்: “அந்தப் பதிவேட்டுல உன் பேருக்கு நேர பொய்யா எதுவும் எழுத விடாத.” அக்கா அதை நர்ஸம்மாவிடம் சலித்துக்கொண்டே சொன்னாள்.

“எனக்கு அம்பத்தாறு வயசும்மா. எனக்கு ஒரு ஆலோசனையும் வேணாம். கால் மடங்கணும். உள்ளதை எழுதலேன்னா எங்க வீட்டு மனுஷனுக்குச் சோறு இறங்காது.”

நர்ஸம்மா சிரித்துக்கொண்டே அக்கா பெயருக்கு நேரே ‘கால்’ என்று மட்டும் எழுதினார்.

ஆஸ்பத்திரி வாசல் பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே. அத்தானின் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் வேன் நிற்பதும் ஆட்கள் இறங்குவதும் தெரியும். பார்த்ததை எழுதாமல் இருக்க அவர் கைக்குத் தெரியாது. ஆபீஸ் பதிவேட்டில் எழுத முடியாது, அது பஸ் இல்லையே. அதனால் சட்டைப் பையில் வைத்திருந்த சின்ன நோட்டில் எழுதினார். தேதி, வந்த நேரம், இறங்கியவர் எண்ணிக்கை. கடைசியில் இறங்குவது அக்கா. அவள் கம்பை ஊன்றிக்கொண்டு படியேறி உள்ளே மறைந்த பிறகுதான் எண்ணிக்கைக்குக் கீழே கோடு போடுவார்.

மூன்று மாதம் இப்படிப் போனது. கடவுள் புண்ணியத்தில் அக்காவின் கால் பாதி மடங்கியது. “இன்னும் ரெண்டு மாசம். நடுவுல நின்னா திரும்பவும் இறுகிடும்” என்றார் டாக்டர்.

அந்த வாரம்தான் வேன் நின்றது.

நின்ற காரணத்தை நர்ஸம்மாவே கடைசி நாளில் சொன்னார். வேன் வரத் தொடங்கிய இந்த மூன்று மாதத்தில் எங்கள் ஊரில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. பெறுகிற வயதுக்காரர்கள் யாரும் ஊரில் இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இரண்டு மடங்காகப் பெருகிய ஊரை மூன்றே மாதத்தில் அடக்கிவிட்டார்கள் என்று நர்ஸம்மாவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. திட்டம் வெற்றி. வெற்றி பெற்ற இடத்தில் வேனுக்கு என்ன வேலை? வேறு ஊருக்குப் போய்விட்டது.

“முன்னாடி பொய் சொல்லி பஸ் போச்சு. இப்ப பிள்ளை பெறாம வேன் போச்சு” என்றார் டீக்கடைக்காரர். “பஸ் போனது பொய் சொல்லாததால” என்று திருத்தினார் தலைவர். அதைச் சொல்லும்போது அத்தான் சைக்கிள் நின்ற பக்கம் பார்த்துக்கொண்டார்.

அக்கா காலைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அவள் திட்டவில்லை. “பாதி மடங்கினதே பெருசு” என்றாள். அவள் திட்டியிருந்தால் அத்தான் தாங்கியிருப்பார். மறுநாள் காலை, முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக, எதையோ கேட்பதற்காகப் பஸ் ஸ்டாண்டு மாடியில் இருக்கும் மேனேஜர் அறைக்குப் போனார்.

அங்கே நடந்ததை மேனேஜருக்கு டீ கொண்டு போனவர் வழியாக ஊரே பின்னால் தெரிந்துகொண்டது.

“உங்க ஊருக்கா? ஐநூறு வேணுமே டைம்கீப்பர். நானூத்தித் தொண்ணூத்தொன்பதுன்னு போட்டிருக்கு. ஒரே ஒரு ஆள் குறையுது.”

“ஒரு ஆள் இல்ல சார். நூத்திப் பன்னெண்டு பேரு குறையுது. நாங்க இருக்கறதே முன்னூத்தி எண்பத்தெட்டுதான்.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். “பஸ் கேக்க வர்றவங்க ஆளைக் கூட்டித்தான் சொல்லுவாங்க. குறைச்சுச் சொல்லிக் கேக்கறவரை இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

“என் சம்சாரத்துக்குக் கால் மடங்கணும் சார். செவ்வாயும் வெள்ளியும் அவ இங்க வந்தாகணும். அதுக்குத்தான் கேக்கறேன். ஆனா அவ ஒருத்திக்காக வண்டி கேக்க எனக்கு உரிமையில்ல. இதைப் பாருங்க.”

சட்டைப் பை நோட்டை மேஜைமேல் வைத்தார். இருபத்தைந்து நாள். ஒன்பதாம் தேதி முப்பத்தாறு பேர், பதின்மூன்றாம் தேதி நாற்பத்தொன்று. ஒரு நாள்கூட முப்பதுக்குக் கீழே இறங்கவில்லை. முதல் நாள் மட்டும் ஒன்று என்று இருந்தது. அது நர்ஸம்மா.

“இதுக்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்ட மேனேஜர், கையெழுத்தைப் பார்த்ததும் தானே சிரித்துவிட்டார். “உங்க எழுத்தை நம்பலேன்னா, முப்பது வருஷமா இந்த டிப்போவுல குடுத்த மெமோ எல்லாத்தையும் நான் திரும்ப வாங்கிக்கணும்.”

அப்புறம் அவர் சுவரில் இருந்த வழித்தடப் படத்தைப் பார்த்தார். மெயின்ரோடு முக்கு வரை வரும் பஸ் ஒன்று தினமும் காலையில் அங்கே மரத்தடியில் நாற்பது நிமிஷம் சும்மா நின்றுவிட்டுத்தான் திரும்பும். டிரைவர் அதிலேயே ஒரு தூக்கம் போடுவார். அத்தனை வருஷமும் அது நின்ற இடத்துக்கும் எங்கள் நிழற்குடைக்கும் நடுவே இருந்தது நான்கு கிலோமீட்டர் புதுத் தார். யாருக்கும் தோன்றவில்லை. அது விதியில் இல்லை.

இரண்டு மாதம் சோதனை ஓட்டம் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்தார். ஒன்பது நாற்பதுக்கு எங்கள் ஊர், பத்து இருபத்தைந்துக்கு பஸ் ஸ்டாண்டு. ஒரு நிபந்தனையும் போட்டார். பஸ் ஸ்டாண்டில் பத்து தடவைக்கு மேல் தாமதமானால் ஊருக்குள் வருவது ரத்து.

“தாமதத்தை யார் எழுதறது சார்?”

“நீங்கதான்” என்றார் மேனேஜர்.

பஸ் வந்த முதல் வெள்ளிக்கிழமை தலைவர் இரண்டாம் தடவை அதே பேச்சைப் பேசினார். அக்கா படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து, மற்ற காலை இழுத்து ஏற்றுவதற்குள் பேச்சே முடிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் வண்டி பத்து இருபத்தொன்பதுக்கு நின்றது. கண்டக்டர் ஓடிப்போய் ஜன்னலில் நின்றார்.

“அண்ணே, இது உங்க ஊர் வண்டி. உங்க வீட்டம்மா ஏறத்தான் நேரமாச்சு. இதுல போய்...”

“எத்தனை நிமிஷம்?”

“நாலுண்ணே.”

நாலு என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாராம். அதற்குள் அக்கா ஊன்றிக்கொண்டு ஜன்னலுக்கே வந்துவிட்டாள். கம்பி வழியாக எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘பயணி ஏறுவதில் தாமதம். கால்.’

“கட்டின பொண்டாட்டியைப் போய்...” என்றாள். ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பி நடந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து அவள் செய்த காரியத்தை ஊரே வேடிக்கை பார்த்தது. நிழற்குடையின் மூன்று படியில் ஏறினாள், இறங்கினாள். மறுபடி ஏறினாள். சீட்டாடுகிறவர்களில் ஒருவரை அத்தானின் பழைய கைக்கடிகாரத்தோடு உட்கார வைத்து நேரம் பார்க்கச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவாள். “ஒரு நிமிஷம் பத்து செகண்டு அக்கா” என்பார் அவர். “சரியா பாத்துச் சொல்லுடா, உங்க டைம்கீப்பர் ஒரு செகண்டு விட மாட்டாரு” என்பாள். டாக்டர் வாரம் இரண்டு நாள் செய்யச் சொன்னதைத் தினமும் மூன்று வேளை செய்தாள். வலிக்காகக் கடவுளைக் கூப்பிட்டதைவிட அத்தானைத் திட்டக் கடவுளைக் கூப்பிட்டதுதான் அதிகம்.

அடுத்த செவ்வாய் நாலு நிமிஷம் தாமதம். வெள்ளி மூன்று. அதற்கடுத்து மறுபடி மூன்று. எல்லாவற்றையும் அத்தான் எழுதினார். ஏழாவது தாமதத்தில் தலைவர் வீட்டுக்கு வந்து கெஞ்சினார். எட்டாவதில் பால்காரம்மா அழுதாள். எதற்கும் அத்தான் அசையவில்லை. ஆனால் வீட்டில் எட்டு பத்து சாப்பாட்டைப் பற்றி அவர் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார். நேரம் தவறி வந்ததையும் பேசாமல் சாப்பிட்டார். ஒன்பதாவது தாமதம் ஒரே ஒரு நிமிஷம். அதையும் எழுதினார்.

அதற்குப் பிறகு தாமதம் வரவில்லை.

சோதனை ஓட்டத்தின் கடைசி வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். பஸ் நிழற்குடையில் நின்றதும் அக்கா கம்பியைப் பிடித்தாள், கால் மடங்கியது, மேலே போனாள். கண்டக்டர் விசில் ஊத வாயெடுப்பதற்குள் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டு. பஸ் ஸ்டாண்டில் இறங்கியவள் நேரே அந்தக் கம்பி ஜன்னலுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அத்தான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். பத்து இருபத்தைந்து. காரணக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

“என்ன, கோடு போட்டு விட்டுட்டீங்க?”

“சரியான நேரம். எழுத ஒண்ணுமில்ல.”

“சரியா வந்ததுக்கு ஒரு காரணம் இருக்குல்ல? அதை எழுதறது.”

“அதுக்குக் கட்டம் இல்லம்மா” என்றார் அத்தான்.

“முப்பத்தோரு வருஷம் இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு கட்டம் போடச் சொல்லக்கூடாதா” என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் படியை நோக்கிப் போனாள்.

அவள் ஏறி முடிக்கும் வரைக்கும் அத்தான் அடுத்த வண்டிக்குக் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு கண்டக்டர்கள் நேரச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த ஒரு நிமிஷத்தை யாரும் எங்கேயும் எழுதவில்லை.